சமூகப் பதற்றம்: கண்டுபிடிப்பது எப்படி, யாரிடம் எப்படிச் சொல்வது

மேடையேறும்போது கை நடுங்குவது நோய் இல்லை. புது ஆட்களிடம் கூச்சப்படுவதும் இல்லை. நாலு பேர் நம்மைத் தப்பாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையும் வேலையையும் ஆட்களோடு பழகுவதையும் கெடுத்தால்தான் மருத்துவர்கள் சமூகப் பதற்றக் கோளாறு என்கிறார்கள். பெரும்பாலும் பதின்பருவத்திலேயே தொடங்கிவிடுவதால், ‘என் சுபாவமே இதுதான்’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

படி 1: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

எவ்வளவு பயந்தீர்கள் என்று எழுத வேண்டாம். எதைத் தவிர்த்தீர்கள், தவிர்க்க முடியாதபோது எப்படிச் சமாளித்தீர்கள், இந்த இரண்டு மட்டும் போதும். போன் அடித்து ஓயும்வரை காத்திருந்து, பிறகு மெசேஜ் அனுப்பியது முதல் வகை.

இரண்டாம் வகை சட்டென்று கண்ணில் படாது. பேசுமுன் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது, வியர்வை தெரியாமலிருக்க மேலே இன்னொரு சட்டை போடுவது, நடுக்கத்தை மறைக்க டம்ளரை இறுக்கிப் பிடிப்பது. சட்டை போட்டால் இன்னும் வியர்க்கும். இறுக்கினால் நடுக்கம் கூடும். ஒத்திகையில் மூழ்கினால் எதிராளி சொன்னது காதில் விழாது. ஒன்றும் விபரீதம் நடக்காவிட்டாலும், ‘இப்படிச் செய்ததால்தான் தப்பித்தேன்’ என்றே மனம் கணக்கு எழுதும். உளவியலாளர்கள் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995-ல் விளக்கியது இந்தச் சுழலைத்தான். என்னைக் கேட்டால் இந்த ஒரு வாரக் குறிப்புதான் பாதி வேலை.

படி 2: மூன்று கேள்விகள்

‘மினி ஸ்பின்’ என்ற சிறு சோதனை இருக்கிறது. அவமானப்படுவோமோ என்று காரியங்களையும் பேச்சையும் தவிர்க்கிறேனா? எல்லோர் கவனமும் என்மேல் விழும் இடங்களைத் தவிர்க்கிறேனா? முட்டாளாகத் தெரிவதுதான் என் பெரிய பயங்களில் ஒன்றா? ஒவ்வொன்றுக்கும் 0 (துளியும் இல்லை) முதல் 4 (மிக அதிகம்) வரை மதிப்பெண். கூட்டினால் 6 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரைப் பாருங்கள். இதுவே நோய் என்ற முடிவு இல்லை, வடிகட்டல் மட்டும்.

படி 3: எழுதிக்கொண்டு போங்கள்

சிக்கலே இங்கேதான். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்ப் பேசுவதுதான் பயம். உதவி கேட்கவும் அதையே செய்ய வேண்டியிருக்கிறது! அதனால் பேச வேண்டாம், எழுதிய தாளை நீட்டுங்கள்:

“ஆட்கள் முன்னால் பேச, சாப்பிட, போன் பேசப் பயம். இத்தனை வருடமாக இருக்கிறது. இதனால் இன்னின்னதை விட்டுவிட்டேன். பதற்றத்தைக் குறைக்கக் குடிக்கிறேன் / குடிப்பதில்லை.”

கடைசி வரியை மறைக்காதீர்கள், சிகிச்சை அதைப் பொறுத்து மாறும். அப்பாயின்ட்மென்ட் வாங்கப் போன் செய்வதே கஷ்டமென்றால் வீட்டில் யாரையாவது செய்யச் சொல்லலாம், தப்பில்லை. முதலில் வழக்கமான பொது மருத்துவரிடம் போனாலும் சரி. தைராய்டு அதிகமானாலும் படபடப்பும் நடுக்கமும் வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதித் தரக்கூடும். அப்புறம் மனநல மருத்துவர் அல்லது உளவியல் நிபுணர்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இந்தப் படிகளுக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். உடனே அவசர உதவியை நாடுங்கள்.

படி 4: அங்கே என்ன நடக்கும்?

பெரியவர்களுக்கு முதலில் தர வேண்டியது தனிநபர் சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) என்கிறது பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். சும்மா ஆறுதல் பேச்சு இல்லை அது. டம்ளரை இறுக்காமல் பிடித்துப் பார்ப்பது, வீடியோவில் உங்களையே பார்ப்பது என்று சோதித்துப் பார்க்கும் வேலை. மனதில் தோன்றிய அளவுக்கு நடுக்கம் வெளியே தெரியவில்லை என்பது வீடியோவில் பலருக்கும் புரிந்துவிடும்.

மாத்திரை என்றால் செர்ட்ராலின், எசிடலோபிராம் போன்றவை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடனடி நிம்மதி தரும் தூக்க மாத்திரை வகைகள் பழக்கமாகிவிடும். யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சில அமர்வுகளுக்குப் பிறகும் வெறும் அரட்டையாகவே போனால், ‘பயிற்சி எப்போது தொடங்கும்?’ என்று கேளுங்கள். அதையும் தாளில் எழுதி நீட்டலாம்.