ஹா லாங் விரிகுடாவில் ஓர் இரவு: கப்பலைத் தேர்வதிலிருந்து கரை இறங்குவது வரை

வியட்நாமின் ஹா லாங் விரிகுடாவுக்குப் போக நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்தக் கப்பல் நல்லது?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு இருக்கின்றன. எந்த மாதம் போகிறீர்கள்? இரவில் கப்பல் எங்கே நங்கூரம் போடும்? பிப்ரவரி மூட்டத்தில் ஐந்து நட்சத்திரக் கப்பலில் இருந்தாலும் ஐம்பதடிக்கு அப்பால் தீவு தெரியாது. நெரிசலான இடத்தில் நங்கூரம் போட்டால், எவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய பால்கனி என்றாலும் எதிரே தெரிவது பக்கத்துக் கப்பலின் விளக்கு வரிசைதான். இந்த இரண்டையும் முடிவு செய்துவிட்டுக் கப்பலைத் தேடுங்கள்.

மாதம்

அக்டோபரும் நவம்பரும் முதல் தேர்வு. வானம் தெளிவாக இருக்கும், வெயில் சுடாது, கடல் அமைதி. அடுத்தது மார்ச் கடைசியிலிருந்து மே முதல் பாதி வரை. டிசம்பர், ஜனவரியில் குளிர் உண்டு. இரவில் 12, 13 டிகிரிக்கு இறங்கும்போது மேல்தளக் காற்று சென்னைக்காரருக்குத் தாங்காது, ஸ்வெட்டர் கட்டாயம். பிப்ரவரியிலும் மார்ச் தொடக்கத்திலும் மழை என்றும் சொல்ல முடியாத, மழை இல்லை என்றும் சொல்ல முடியாத தூறலும் பனிமூட்டமும் நாள்கணக்கில் நிற்கும். பள்ளி விடுமுறையை நம்பி ஜூன் முதல் செப்டம்பருக்குள் போகிறவர்கள், புயலால் பயணம் ரத்தாகலாம் என்று எண்ணியே திட்டமிட வேண்டும். 2024 செப்டம்பரில் யாகி புயல் இந்தக் கரையைத் தாக்கியபோது, கட்டி வைத்திருந்த சுற்றுலாப் படகுகளே பல மூழ்கின.

பயண நாளுக்கு அடுத்த ஓர் இரவையாவது, பயணம் தொடங்கும் தலைநகர் ஹனோயில் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் புறப்படலாமா கூடாதா என்பதை நிறுவனம் முடிவு செய்வதில்லை. அரசு அதிகாரிகள் முடிவு செய்கிறார்கள். சில சமயம் அன்று காலையில்தான் உத்தரவு வரும். மறுநாளே ஊருக்கு விமானம் என்றால் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்காது.

மூன்று பாதைகள்

ஹா லாங் விரிகுடாவின் பரப்பு சுமார் 1,553 சதுர கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 1,969 தீவுகள், பெரும்பாலும் செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறைகள். 1994இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 2023இல் காட் பா தீவுக்கூட்டமும் அதோடு சேர்க்கப்பட்டது. சுற்றுலாக் கப்பல்கள் போகும் நீர்ப்பரப்பை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

நடுவே இருப்பது ஹா லாங். படங்களில் பார்க்கும் சுங் சொட் குகை, டி டாப் தீவு இரண்டும் இங்கேதான். சுங் சொட் பெரிய குகை. உள்ளே மண்டபம் மண்டபமாக விரியும். டி டாப் உச்சிக்கு 400க்கும் மேற்பட்ட படிகள், ஏறினால் விரிகுடா முழுவதும் காலடியில். 1962இல் வியட்நாம் தலைவர் ஹோ சி மின்னோடு வந்த சோவியத் விண்வெளி வீரர் கெர்மன் திதோவின் பெயர்தான் இந்தத் தீவுக்கு. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் பகல் பயணப் படகுகளும் இரவுக் கப்பல்களும் ஒரே நேரத்தில் இங்கே குவிவதால், படிகளில் வரிசையில் நின்று ஏற வேண்டியிருக்கும்.

வடகிழக்கே பாய் டூ லாங். கூட்டம் குறைவு, வுங் வியெங் என்ற மிதக்கும் மீனவ கிராமம் உண்டு. அங்கே வாழ்ந்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றை அரசு கரைக்கு மாற்றிவிட்டது. இப்போது பார்ப்பது முத்து வளர்ப்பும் படகோட்டும் தொழிலும்தான். தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

தெற்கே காட் பா தீவை ஒட்டி லான் ஹா. சிறு மணல் கரைகள், கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஓட்டத் தோதான குடைவுகள், ஓரளவு தெளிந்த நீர். நீச்சலும் கயாக்கும் வேண்டும் என்பவர்களுக்கும், பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் எங்கள் பரிந்துரை இதுதான். முதல்முறை போகிறோம், அந்தப் புகழ்பெற்ற குகையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் நடுப்பாதை.

விசாவும் பெயரும்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மின் விசா வேண்டும். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். 90 நாள் வரை கிடைக்கும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. அரசின் சொந்தத் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் இடைத்தரகர் தளங்கள் நிறைய உண்டு, மூன்று மடங்கு வாங்குவார்கள்.

தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல். அப்பா பெயரே இனிஷியலாக இருக்கும், பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். பாஸ்போர்ட்டின் அடியில் எந்திரம் படிப்பதற்காக அச்சிட்ட இரண்டு வரிகள் இருக்குமே, அதில் உள்ள பெயரோடு விண்ணப்பத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். விசா வந்த பிறகும் ஒருமுறை சரிபாருங்கள். தவறு இருந்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டிவரும், கட்டிய பணம் திரும்ப வராது. கப்பல் பதிவுக்கும் அதே பெயரைக் கொடுங்கள். பயணிகள் பட்டியலைக் கப்பல்காரர்கள் முன்கூட்டியே அதிகாரிகளுக்கு அனுப்புவார்கள். ஏறும்போது அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். ஹனோய் விடுதிப் பெட்டகத்தில் பாஸ்போர்ட்டைப் பூட்டிவிட்டுத் துறைமுகம் வரை வந்து திணறுகிறவர்கள் உண்டு.

திருச்சியிலிருந்து 2023இல் தொடங்கிய நேரடி விமானம் இறங்குவது தெற்கே ஹோ சி மின் நகரத்தில். ஹா லாங் இருப்பது வடக்கே. அங்கிருந்து ஹனோய்க்கு இன்னும் இரண்டு மணி நேர உள்நாட்டு விமானம், அதற்கான காத்திருப்பு எல்லாம் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை

நடுத்தரக் கப்பலில் இருவர் தங்கும் கேபினில் ஆளுக்கு ஏறக்குறைய 120 முதல் 180 டாலர் வரை ஆகும். சொகுசுக் கப்பல் என்றால் 200க்கு மேல். தனியாகப் போனால் கேபினுக்கான கூடுதல் கட்டணம் உண்டு. இந்த விலைக்குள் ஹனோயிலிருந்து போய்வரும் வண்டி, நுழைவுக் கட்டணம், கயாக், நான்கு வேளைச் சாப்பாடு எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். குடிபானம் பெரும்பாலும் தனி. ஹனோய் பழைய நகரத் தெருவோர ஏஜென்டுகளிடம் மலிவாகப் பதிவு செய்தால், ரசீதில் கப்பலின் பெயரும் கேபின் வகையும் இருக்க வேண்டும். "மூன்று நட்சத்திரக் கப்பல்" என்று மட்டும் எழுதியிருந்தால், காலையில் எந்தக் கப்பலில் இடம் காலியோ அதில் ஏற்றிவிடுவார்கள்.

கேபின் விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ஏ.சி.க்காக ஜெனரேட்டர் இரவு முழுவதும் ஓடும். அது பெரும்பாலும் கப்பலின் பின்புறம் கீழே இருக்கும். கீழ்த்தளத்தில் பின்பக்கக் கேபின் கிடைத்தால் கட்டிலே அதிரும். இரண்டாம் தளத்தில் முன்பக்கமோ நடுவோ கேளுங்கள். இடப்பக்கமா வலப்பக்கமா என்று கவலைப்படத் தேவையில்லை. நங்கூரத்தில் நிற்கும் கப்பல் நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் ஏற்பத் திரும்பிக்கொண்டே இருக்கும். மாலையில் பாறையைப் பார்த்த பால்கனி காலையில் வெட்டவெளியைப் பார்க்கும்.

இரவு நங்கூரம் எங்கே என்று கேளுங்கள். அனுமதித்த இடங்களில்தான் நிறுத்த முடியும் என்பதால் தெளிவான பதில் அவர்களிடம் இருக்கும். மழுப்பினால் வேறு கப்பல் பாருங்கள்.

புறப்படும் நாள்

ஹனோயிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். விரைவுச்சாலையில் இரண்டரை மணி நேரம். காலை 8 மணிவாக்கில் வண்டி வரும், நடுவழியில் ஒரு கைவினைக் கடையில் நிறுத்துவார்கள், 11 மணிக்கு மேல் துறைமுகம். பெரிய பெட்டிகளை ஹனோய் விடுதியிலேயே விட்டுவிடுங்கள். கப்பல் படிகள் குறுகலானவை, கேபினில் பெட்டியை விரிக்க இடம் இருக்காது. பல கப்பல்களுக்குச் சிறு படகில் போய் ஏற வேண்டும். படகு ஏறி இறங்கி ஆடும்போது கால் வைக்க வேண்டியிருப்பதால், வயதான அம்மா அப்பாவுக்கு இரு கையும் காலியாக இருக்கட்டும். பையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை அதிகமில்லை. ஒரு மாற்று உடை, நீச்சல் உடை, பின்பட்டை உள்ள செருப்பு, மெல்லிய மழைக்கோட்டு, கைபேசிக்கு நீர் புகாத உறை, தினசரி மருந்துகள். 2019 முதல் விரிகுடாவில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் சொந்தத் தண்ணீர் பாட்டில் அவசியம். வாந்தி மாத்திரை பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது. தீவுகள் அலையைத் தடுத்துவிடுவதால் உள்ளே குளம் போலத்தான் இருக்கும்.

ஏறியதும் மதியச் சாப்பாடு, பிறகு குகையோ கயாக்கோ, மாலை சமையல் வகுப்பு, இரவுச் சாப்பாடு, கணவாய் மீன் தூண்டில். விளக்கொளிக்குக் கூடும் கணவாயை ஏமாற்றுத் தூண்டிலால் இழுக்கும் விளையாட்டு இது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஒன்றும் மாட்டாமல் போவதே வழக்கம். டிசம்பரில் 5:15 மணிவாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும், ஜூனில் 6:40 ஆகும். ஆக, ஏறிய நாளில் வெளிச்சம் கிடைப்பதே ஐந்தாறு மணி நேரம்தான். அதனால் இரவு சீக்கிரம் படுத்து விடியலில் எழுந்துவிடுங்கள். படகுகள் எஞ்சினைக் கிளப்பும் முன், ஜெனரேட்டர் சத்தம் எட்டாத மேல்தள முன்பகுதியில் கிடைக்கும் ஒரு மணி நேரத்துக்காகத்தான் ஓரிரவுப் பயணமே.

கயாக்

இருவர் கயாக்தான் பெரும்பாலும் தருவார்கள். கனமானவர் அல்லது பழக்கப்பட்டவர் பின்னால் உட்காரட்டும். திசை திருப்புவது பின்னாலிருப்பவர் வேலை. முன்னாலிருப்பவர் துடுப்பின் தாளத்தைப் பிடிக்க, பின்னவர் அதைப் பின்பற்ற வேண்டும். ஏறும்போது நின்றபடி கால் வைக்காதீர்கள். மிதவையில் உட்கார்ந்து, காலை நடுவில் வைத்து, உடலை அப்படியே நகர்த்துங்கள். வலது பக்கம் திரும்ப இடது பக்கம் துடுப்பு போட வேண்டும். பதற்றத்தில் இது மாறிப்போய் இருவரும் எதிரெதிராகத் தள்ளுவதுதான் கயாக் வட்டமடிக்கக் காரணம்.

பாறை ஓரத்தை நெருங்காதீர்கள். நீர்மட்டத்தில் சுண்ணாம்புப் பாறை அரிக்கப்பட்டு உள்நோக்கிக் குடைந்திருக்கும். கயாக்கின் மூக்கு அந்தக் குடைவுக்குள் போய்விட்டால், அலை தூக்கும்போது தலை மேற்பாறையில் இடிக்கும். தள்ளிவிடக் கையை வைத்தாலோ, பாறையில் ஒட்டிய சிப்பிகளின் விளிம்பு பிளேடு போடுவது போலக் கிழித்துவிடும். துடுப்பால் தள்ளுங்கள், கையால் வேண்டாம்.

குகைச் சுரங்கங்களுக்குள் போகும் நேரத்தைக் கப்பல்காரர் மாற்றினால் கோபப்பட வேண்டாம். இந்தக் கடலில் பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரே ஏற்றம், ஒரே வற்றம். மட்டம் மூன்று மீட்டருக்கு மேலும் ஏறி இறங்கும். ஏற்றத்தில் சில சுரங்கங்களின் வாய் குனிந்தால்கூட நுழைய முடியாத அளவு சுருங்கிவிடும். உள்ளே போனவர்கள் நீர் ஏறுவதற்குள் வெளியே வர வேண்டும்.

சைவச் சாப்பாடு

பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், ஏறும்போது மறுபடி சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம் என்றால் மட்டும் போதாது. காய்கறிப் பொரியலிலும் மீன் சாறும் சிப்பி சாஸும் விழும், சூப்பில் எலும்புச் சாறு இருக்கும். முட்டை உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து, விடுதி வரவேற்பில் இருப்பவரிடம் வியட்நாமிய மொழியில் ஒரு தாளில் எழுதி வாங்கிச் சமையல்காரரிடம் கொடுங்கள். டோஃபு, கீரை, வெள்ளைச் சோறு தாராளமாக வரும். காரம் இருக்காது. ஒரு சிறு டப்பாவில் பருப்புப் பொடியோ ஊறுகாயோ இருந்தால் நான்கு வேளையும் ஓடிவிடும்.

பாதுகாப்பு

2011 பிப்ரவரியில் இங்கே நங்கூரத்தில் நின்ற சுற்றுலாப் படகு விடியும் முன் நீர் புகுந்து மூழ்கி 12 பேர் இறந்தார்கள். 2025 ஜூலை 19 அன்று திடீர் இடிமழைச் சூறையில் ஒரு பகல் பயணப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பயந்து விலக வேண்டியதில்லை. ஆனால் கேபினுக்குள் போனதும் பையை வைக்கும் முன் லைஃப் ஜாக்கெட்டைத் தேடி எடுத்து ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பிள்ளைகளுக்குச் சிறிய அளவு இல்லையென்றால் உடனே கேளுங்கள். வெளியேற இரண்டு வழிகளை நடந்தே பார்த்துவையுங்கள், இருட்டில் தேட முடியாது. வானம் சட்டென்று கறுத்துக் காற்று கிளம்பினால், கேபினுக்குள் அடைந்து கொள்ளாமல் ஜாக்கெட்டோடு வெளிவழி அருகே வந்து, ஊழியர் சொல்வதைக் கேளுங்கள். கவிழ்ந்த படகுக்குள் சிக்கினால் மிதக்கவைக்கும் ஜாக்கெட்டே உங்களை மேலே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நீருக்கடியில் போய்விட்ட கதவுக்கு மூழ்கிப் போக முடியாது. கப்பலிலிருந்து கடலில் குதிக்காதீர்கள். நீச்சலுக்கு அனுமதித்த கரைகளில் மட்டும் இறங்குங்கள்.

திரும்பும் நாள்

காலை 9:30 மணிக்குள் கேபினைக் காலி செய்யச் சொல்வார்கள். குளித்து மூட்டை கட்டிவிட்டுத்தான் காலைப் பயணத்துக்குக் கிளம்ப வேண்டும், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் நேரம் இருக்காது. குடிபானக் கணக்கை முந்தின இரவே கேட்டுப் பாருங்கள். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பார்கள். டிப்ஸ் கொடுப்பதென்றால் ஊழியர் பெட்டியில் போடுங்கள், சமையலறையில் இருப்பவர்களுக்கும் பங்கு போகும். 11:30 வாக்கில் கரை, பிற்பகல் 3 மணிக்கு ஹனோய். நொய் பாய் விமான நிலையம் நகரத்திலிருந்து இன்னும் முக்கால் மணி நேரம். அதே நாளில் வெளிநாட்டு விமானம் பிடிப்பதாக இருந்தால் இரவு 8 மணிக்குப் பிறகு புறப்படுவதாகப் பாருங்கள். கப்பல் வண்டி நேராக விமான நிலையத்தில் இறக்கிவிடும் என்றால், ஹனோய் விடுதியில் விட்ட பெட்டியை யார் எடுத்து வருவது என்பதையும் முன்பே யோசித்து வையுங்கள்.