வெப்பமண்டல ஆற்றின் நீர்மின் அணையை எடைபோடுவது எப்படி?

நீர்மின் அணை ஒன்று அறிவிக்கப்படும்போது முதலில் சொல்லப்படுவது அதன் நிறுவுதிறன், அதாவது எல்லா இயந்திரங்களும் முழுவீச்சில் ஓடினால் கிடைக்கும் மின்திறன். இத்தனை ஆயிரம் மெகாவாட் என்ற அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் கரைபுரண்டும் வறண்ட மாதங்களில் மெலிந்தும் ஓடும் வெப்பமண்டல ஆற்றில் அந்த அணை என்ன தரும், எதை எடுத்துக்கொள்ளும் என்று அறிய முடியாது. திட்ட அறிக்கையில் உள்ள நான்கு எண்களைத் தேடி எடுத்தால், பெருக்கவும் வகுக்கவும் தெரிந்த எவரும் அதைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். மாதவாரி நீர்வரத்து, நீர் விழும் உயரம், நீர்த்தேக்கத்தின் பரப்பு, ஓர் ஆண்டில் நீர்மட்டம் எத்தனை மீட்டர் இறங்க அனுமதிக்கப்படும் என்பது ஆகியவையே அந்த நான்கு. நீர்வரத்துக்கு ஆண்டுச் சராசரியை ஏற்றுக்கொள்ள வேண்டாம். வறட்சி ஆண்டுகளும் அடங்கிய பல பத்தாண்டுகளின் மாதக் கணக்கே வேண்டும்.

மின்திறனைக் கணக்கிடுவது எளிது. வினாடிக்கு இத்தனை கன மீட்டர் என்ற நீரோட்டத்தை மீட்டரில் உள்ள உயரத்தால் பெருக்கி, வரும் விடையை மீண்டும் 8.8 ஆல் பெருக்கினால் கிலோவாட் கிடைக்கும். ஈர்ப்பு முடுக்கமான 9.81 உடன், டர்பைனும் ஜெனரேட்டரும் சேர்ந்து ஏறத்தாழ 90 சதவீதத் திறனுடன் இயங்கும் என்ற கணிப்பும் அந்த 8.8 இல் அடங்கியிருக்கிறது. ஒரு கற்பனை அணையில் உயரம் 60 மீட்டர், மழைக்கால நீரோட்டம் வினாடிக்கு 1,000 கன மீட்டர் என்று கொண்டால், திறன் சுமார் 530 மெகாவாட். வறண்ட மாதங்களில் நீரோட்டம் 200 கன மீட்டராகக் குறைந்தால், அதே அணை சுமார் 106 மெகாவாட்தான் தரும். நீரோட்டத்தைக் கன அடியில் மட்டும் தந்திருந்தால், முதலில் 35.3 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் நீர் தேக்கப்படுகிறது; ஆகவே அதற்கு எவ்வளவு நிலம் மூழ்க வேண்டும் என்பதை அடுத்துக் கணக்கிட வேண்டும். மேற்சொன்ன அணையில், ஐந்து மாத வறட்சிக்காலம் முழுவதும் 200 கன மீட்டரை 400 ஆக உயர்த்த விரும்பினால், சுமார் 260 கோடி கன மீட்டர் நீரைச் சேமித்து வைத்திருக்க வேண்டும். நீர்மட்டம் 10 மீட்டர் மட்டுமே இறங்கலாம் என்றால், அதற்கு ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு தேவை. இத்தனைக்குப் பிறகும் கிடைப்பது முழுத்திறனில் பாதியை எட்டாது. மட்டம் இறங்க இறங்க விழும் உயரமும் குறைவதால், உண்மையான விளைச்சல் இன்னும் கீழே போகும். பள்ளத்தாக்கு ஆழமாக இல்லாத சமவெளி ஆறுகளில் இந்தக் கணக்கு மிகவும் கடுமையாகிவிடும்.

பிரேசிலின் அமேசான் பகுதியில் இதன் இரு முனைகளையும் காணலாம். உவாட்டுமா ஆற்றில் 1980களின் இறுதியில் நிரப்பப்பட்ட பால்பினா அணை 250 மெகாவாட்டுக்காகச் சுமார் 2,360 சதுர கிலோமீட்டரை மூழ்கடித்தது. பரப்பைத் திறனால் வகுத்தால் ஒரு மெகாவாட்டுக்கு 9 சதுர கிலோமீட்டருக்கும் மேல் வருகிறது. டொகான்டின்ஸ் ஆற்றின் டுகுருயி அணையில் அதே விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு சதுர கிலோமீட்டர்தான் என்றாலும், அங்கும் ஏறத்தாழ 2,850 சதுர கிலோமீட்டர் நிலம் நீருக்கடியில் போய், ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர் என்பதை எந்த விகிதமும் காட்டாது. ஷிங்கு ஆற்றின் பெலோ மோன்டேயில் பெரிய தேக்கத்தைத் தவிர்த்தார்கள். அதற்கு விலையாக, 11,233 மெகாவாட் நிறுவுதிறனுக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆண்டுச் சராசரி உற்பத்தி சுமார் 4,571 மெகாவாட்டாக, அதாவது ஏறத்தாழ 41 சதவீதமாக நின்றது. எனவே, நிறுவுதிறனை முதல் வரியில் பறைசாற்றிவிட்டுச் சராசரி உற்பத்தியைப் பின்னிணைப்பில் வைக்கும் அறிக்கையை நான் ஐயத்துடனேயே படிப்பேன்.

மூழ்கும் நிலத்தில் காடு இருந்தால், நிரப்புவதற்கு முன் அது வெட்டி அகற்றப்படுமா என்று கேளுங்கள். பால்பினாவில் பெரும்பகுதி அப்படியே மூழ்கடிக்கப்பட்டது. வெப்பமான நீரின் ஆழத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோன பின் மக்கும் இலைதழைகள் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. டர்பைனுக்கான நீரை ஆழத்திலிருந்து எடுத்தால், அந்த வாயு அணைக்குக் கீழே காற்றில் கலக்கிறது. ஆண்டுதோறும் மட்டம் இறங்கும்போது கரைச் சேற்றில் செடிகள் முளைத்து, மட்டம் ஏறும்போது மீண்டும் மூழ்குவதால், பழைய மரங்கள் மக்கித் தீர்ந்த பிறகும் மீத்தேன் நின்றுவிடுவதில்லை. ஆகையால் நீர் எடுக்கும் வாயில் எந்த ஆழத்தில் இருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அணைக்குக் கீழே மாதந்தோறும் விடப்படும் நீரின் அட்டவணையைக் கேட்டு வாங்கி, இயற்கையான நீரோட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பெலோ மோன்டே நீரைக் கால்வாய் வழியே மின்நிலையத்துக்குத் திருப்புவதால், ஷிங்குவின் பெரிய வளைவில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆறு மெலிந்துவிட்டது. அங்கே வாழும் ஜுருனா, அராரா பழங்குடி மக்களின் மீன்பிடிப்பு, வெள்ளம் ஏறும் காடுகளுக்குள் மீன்கள் சென்று முட்டையிடுவதைச் சார்ந்தது. குறைந்தபட்ச நீரோட்டம் உறுதி செய்யப்படும் என்ற ஒரு வரியோடு திருப்தி அடையாமல், வெள்ளக்கால உச்சம் எத்தனை வாரங்களுக்கு, எந்த மட்டம் வரை அனுமதிக்கப்படும் என்பதை எண்ணாக எழுதித் தரும்படி கேட்க வேண்டும்.