ஒரு போக்ஸ் கம்பியின் நிழலை வைத்து வடக்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

மொட்டைமாடியில் நின்று போனில் இருக்கும் திசைகாட்டியைத் திறந்து பாருங்கள். நாலடி தள்ளிப் போய் மறுபடி பாருங்கள். வடக்கு நகர்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு, தளத்துக்குள் கிடக்கும் இரும்புக் கம்பிகள் போனின் காந்த உணரியைக் குழப்பிவிடும். சூரியனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் இடத்தைப் படித்திருப்பீர்கள்: கோல்களை நட்டு, நிழலைக் குறித்து, நண்பகலில் கயிறு பிடித்துத் திசை தெரிந்துகொள்கிறார்கள். அதே வேலையை நாமும் ஒரே பகலில் செய்துவிடலாம். மேகம் குறைவான பிப்ரவரி, மார்ச் மாதங்கள் இதற்குத் தோதானவை.

தேவையானவை

இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை, அதன்மேல் ஒட்ட வெள்ளைத்தாள், வளையாத சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்று, கவராயம், நூல், பென்சில், ஸ்கேல். பக்கத்தில் தச்சு வேலை செய்பவர் யாராவது இருந்தால் மூலைமட்டமும் (செங்கோணம் பார்க்கும் கருவி) ரசமட்டமும் (சமதளம் பார்க்கும் கருவி) ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

1. கம்பியை நடுதல்

பலகையின் நடுவில் சின்னத் துளை போட்டு, கம்பியை இறுக்கமாகச் செருகுங்கள். பலகைக்கு மேலே சரியாக 20 செ.மீ. நிற்க வேண்டும். மூலைமட்டத்தை ஒரு பக்கம் வைத்துப் பார்த்தால் போதாது, அதற்குக் குறுக்காக இன்னொரு பக்கமும் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நேராகத் தெரியும் கம்பி மறுபக்கம் சாய்ந்திருக்கும்.

2. மட்டம் பார்த்தல்

முதல் தடவை நான் இதை விட்டுவிட்டேன். மாடித் தளம் சமமாகத்தானே இருக்கிறது என்று பலகையை அப்படியே வைத்தேன், சாயங்காலம் வரைந்த கோடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவே இல்லை. மழைத்தண்ணீர் வடிவதற்காகத் தளத்தில் வாட்டம் விட்டிருப்பார்கள், கண்ணுக்கு அது தெரியாது. ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கம் அட்டைத் துண்டுகளை மடித்துக் கொடுங்கள். அப்புறம் பலகை மாலை வரை ஒரு இழைகூட நகரக்கூடாது, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து அண்டக் கொடுத்துவிடுங்கள்.

3. வட்டங்கள்

கம்பியின் அடியை மையமாக வைத்து 16, 20, 24 செ.மீ. ஆரத்தில் மூன்று வட்டங்கள் போடுங்கள். கம்பி நிற்பதால் கவராயம் வைக்க முடியாது, நூலில் சுருக்குப் போட்டுக் கம்பியின் அடியில் மாட்டிச் சுற்றினால் போதும். ஒரு வட்டம் போதாதா என்றால், நிழல் தொடும் நேரத்தில் மேகம் வந்து நின்றால் அந்த நாளே வீண், மூன்று இருந்தால் ஒன்றாவது தப்பிக்கும்.

4. காலையும் மாலையும்

காலையில் நிழல் மேற்குப் பக்கமாக நீண்டு வட்டத்துக்கு வெளியே கிடக்கும். வெயில் ஏற ஏற அது சுருங்கி உள்ளே வரும். நுனி ஒவ்வொரு வட்டத்தையும் தொடும் இடத்தில் பென்சிலால் புள்ளி வையுங்கள். கிட்டே குனிந்து பார்த்தால் நுனி கூராக இருக்காது, கறுப்பு மெல்ல வெளுத்துச் சாம்பலாகி மூன்று நான்கு மி.மீ. தூரத்தில் கரைந்துபோகும். சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரை டிகிரி அகலத் தட்டு, அதனால்தான் இந்த மங்கல். சாம்பல் பகுதியின் நடுவைப் பிடியுங்கள், காலையில் எப்படிப் பிடித்தீர்களோ மாலையிலும் அப்படியே. எந்த நேரத்திலும் சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், நமக்கு வேண்டியதெல்லாம் தாளில்தான் இருக்கிறது.

மதியத்துக்கு மேல் நிழல் கிழக்கே நீண்டு வட்டங்களை விட்டு வெளியேறும். அப்போதும் தொடும் இடங்களைக் குறியுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் காலைப் புள்ளியையும் மாலைப் புள்ளியையும் சேர்த்தால் அது மேற்கு-கிழக்குக் கோடு. மூன்று வட்டங்களின் கோடுகளும் இணையாக வர வேண்டும். வரவில்லையா, கம்பி சாய்ந்திருக்கிறது அல்லது பலகை மட்டத்தில் இல்லை.

5. மீன் வரைதல்

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. காலைப் புள்ளியில் கவராய முனையை வைத்து, கோட்டின் பாதிக்கு மேல் அளவெடுத்து ஒரு வில் போடுங்கள். அதே அளவை மாற்றாமல் மாலைப் புள்ளியிலிருந்து இன்னொரு வில். இரண்டும் வெட்டிக்கொள்ளும்போது நடுவில் ஒரு மீன் வடிவம் வரும், பழைய இந்திய வானியல் நூல்களிலும் இதை மீன் என்றே சொல்கிறார்கள். மீனின் வாயையும் வாலையும் கோட்டால் சேருங்கள், அது கம்பியின் அடி வழியாகப் போகும். அதுதான் உண்மையான வடக்கு-தெற்கு.

கோடு கிடைத்த பிறகு

மறுநாள் பலகையை அசைக்காமல் வைத்து, நிழல் அந்தக் கோட்டின் மேல் வந்து படுக்கும்போது மணியைப் பாருங்கள். அதுதான் உங்கள் ஊரின் உச்சி வேளை, கடிகாரம் 12 காட்டாது. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது, சென்னை அதற்கு மேற்கே 80.27-இல் இருக்கிறது. இதோடு பூமியின் நீள்வட்டப் பாதையும் அச்சின் சாய்வும் சேர்வதால் பிப்ரவரி நடுவில் சென்னையில் உச்சி சுமார் 12.23-க்கு வரும், நவம்பர் தொடக்கத்தில் 11.52-க்கே வந்துவிடும். கோயம்புத்தூரில் இவை ஒவ்வொன்றுக்கும் 13 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மார்ச் 20 வாக்கில் பகலும் இரவும் சமமாகும் நாளைத் தவறவிடாதீர்கள். அன்று நிழல் நுனியை மணிக்கொரு தரம் குறித்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் விழும், மற்ற நாட்களில் அது வளைகோடு. அன்றைய உச்சி நிழலின் நீளத்தைக் கம்பியின் உயரமான 20-ஆல் வகுத்து, கால்குலேட்டரில் டேன் தலைகீழ் (tan⁻¹) போட்டால் உங்கள் ஊரின் அட்சரேகை கிடைத்துவிடும். நிழல் சென்னையில் 4.6 செ.மீ., மதுரையில் 3.5, கன்னியாகுமரியில் 2.8 வர வேண்டும்.

அதன் பின் வாரம் ஒரு தடவை உச்சி நிழல் நுனியைக் குறித்துத் தேதி எழுதி வாருங்கள். நிழல் குறுகிக்கொண்டே போய், ஏப்ரல் 16 வாக்கில் மதுரையிலும் 24 வாக்கில் சென்னையிலும் கம்பியின் காலடியில் ஒடுங்கிவிடும். அடுத்த வாரம் பார்த்தால் தெற்குப் பக்கம் எட்டிப் பார்க்கும். சென்னையில் ஜூன் 21 அன்று அது தெற்கே 3.7 செ.மீ. வரை போகும், அப்புறம் திரும்பி வந்து ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி காணாமல் போகும். தெற்கே அந்த அளவுக்குத் தாளில் இடம் விட்டு வையுங்கள்.