முதல் தடவை பி.ஓ. டூட்டியா? மாக் போல் முதல் 17சி வரை

தேர்தல் டூட்டி ஆர்டர் வந்ததும் ஸ்டாஃப் ரூமில் எழும் முதல் கேள்வி, "எந்த பூத் சார்?" அது முன்கூட்டித் தெரியவே தெரியாது. யார் எந்தக் குழு, எந்தக் குழு எந்த பூத் என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் குலுக்கித்தான் முடிவு செய்யும். பூத் தெரிவது கடைசிக் குலுக்கலுக்குப் பிறகு, அதாவது கிளம்பும் நேரத்தில். சிபாரிசுக்கு அலைவதை விட்டுவிட்டு, ஆர்டரில் "வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்" (பி.ஓ.) என்று இருந்தால் இதைப் படியுங்கள். அவருக்குக் கீழே வாக்குப்பதிவு அலுவலர்களாக (பி1, பி2, பி3) போகிறவர்களுக்கும் உதவும்.

2024 மக்களவைத் தேர்தலுக்குத் தேர்தல் ஆணையம் சொன்ன கணக்கு: சுமார் பத்தரை லட்சம் வாக்குச்சாவடிகள், 55 லட்சம் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்கள், பாதுகாப்புப் படையினரையும் சேர்த்து ஒன்றரைக் கோடிப் பணியாளர்கள். அத்தனை ஏற்பாடும் கடைசியில் ஏதோ ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் உங்கள் தலையில் வந்து இறங்கும். கீழே இருப்பதெல்லாம் அந்தத் தேர்தலின் நடைமுறை. அடுத்த தேர்தலில் சிறு மாற்றங்கள் வரலாம், பயிற்சியில் தரும் கையேடுதான் முடிவானது.

முந்தின நாள்: பேப்பர் வேலையை முடித்துவிடுங்கள்

நம் ஊரில் மெஷினை ஜோனல் பார்ட்டி (பல பூத்துகளுக்குப் பொறுப்பான குழு) பூத்துக்கே கொண்டுவந்து தருவார்கள். வாங்கும்போதே கன்ட்ரோல் யூனிட் (நம் மேசையில் இருப்பது), பேலட் யூனிட் (வாக்காளர் பட்டன் அழுத்துவது), விவிபாட் (போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டுவது) மூன்றின் டேக்கிலும் உங்கள் பூத் எண் இருக்கிறதா, சீரியல் எண் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். விவிபாட்டை அன்றே ஆன் செய்து பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். செய்யக் கூடாது.

ராத்திரி தூங்கும் முன் எல்லாக் கவரிலும் தொகுதிப் பெயர், பாகம் எண், பூத் எண் எழுதி முடித்துவிடுங்கள். மறுநாள் சாயந்திரம் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்த நேரத்தில் கை ஓடாது.

கிட்டில் எல்லாம் தருவார்கள், ஆனாலும் நான் சொந்தமாக எடுத்துப்போவது: நல்ல கத்தரிக்கோல், அகலமான செல்லோ டேப், இரண்டு நீல பால்பாயின்ட் பேனா, ஒரு முழுத் தீப்பெட்டி. அரக்கு உருக்கும்போது ஃபேன் ஓடினால் ஒரு பெட்டிக் குச்சியும் காலியாகிவிடும். ஜெல் பேனா வேண்டவே வேண்டாம், சீலில் போட்ட கையெழுத்து ஈசிக்கொள்ளும். மை பாட்டிலை ஒரு டம்ளர் மணலில் புதைத்து வைக்கச் சொல்லி பி2-விடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மேசை ஆடினாலும் கவிழாது.

இடம் பார்ப்பது

விவிபாட்டுக்கு வெளிச்சம் ஆகாது. ஜன்னலுக்கு எதிரிலோ பல்புக்கு நேர் கீழேயோ வைத்தால் சென்சார் தகராறு செய்யும். ஓட்டுப்போடும் மறைப்பை அறையின் இருண்ட மூலையில் வையுங்கள், ஆனால் சின்னம் கண்ணுக்குத் தெரியும் அளவு வெளிச்சம் வேண்டும்.

இணைப்பு சுலபம். பேலட் யூனிட் வயர் விவிபாட்டுக்கு, விவிபாட் வயர் கன்ட்ரோல் யூனிட்டுக்கு. ஆனால் வயரைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் கன்ட்ரோல் யூனிட் ஆஃபில் இருக்க வேண்டும். ஆன் செய்யும் முன் விவிபாட்டின் பின்பக்கக் குமிழைக் கட்டாயம் பாருங்கள். வண்டியில் வரும்போது படுக்கைவாட்டில் இருக்கும், அதைச் செங்குத்தாகத் திருப்ப வேண்டும். திருப்பாமல் ஆன் செய்துவிட்டு மெஷின் ரிப்பேர் என்று ஜோனலுக்குப் போன் போடும் பூத்துகள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு.

மாக் போல்

ஓட்டுப்பதிவு 7 மணிக்கு என்றால் மாக் போல், அதாவது மெஷினைச் சோதிக்கும் மாதிரி ஓட்டுப்பதிவு, 5.30-க்கு. வேட்பாளர்களின் ஏஜென்ட் யாரும் வரவில்லை என்றால் 15 நிமிடம் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம். குறைந்தது 50 ஓட்டு, அதில் நோட்டா உட்பட ஒவ்வொரு பட்டனுக்கும் ஒன்றாவது விழ வேண்டும். வேட்பாளர் அதிகம் என்றால் 50 பத்தாது. 2024-இல் கரூரில் 54 பேர் நின்றார்கள். நோட்டாவோடு 55 பட்டன், ஒரு பேலட் யூனிட்டுக்கு 16 வீதம் நான்கு யூனிட்.

ஒரு தாளில் வேட்பாளர் பெயர்களை எழுதி, யார் எந்த பட்டனை அழுத்தினாலும் அதில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். முடிந்ததும் க்ளோஸ், ரிசல்ட். திரையில் வரும் எண்ணும் உங்கள் கோடுகளும் ஒத்துப்போகின்றனவா என்று ஏஜென்ட்களை வைத்தே பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் விவிபாட் பெட்டியைத் திறந்து சீட்டுகளை எண்ண வேண்டும்.

என் முதல் டூட்டியில் எல்லாரும் திணறி நின்ற இடம் இதுதான். போட்டது 50 ஓட்டு, பெட்டியில் 57 சீட்டு. ஒரு ஏஜென்ட் குரலை உயர்த்தவே ஆரம்பித்துவிட்டார். விஷயம் இவ்வளவுதான்: ஆன் செய்ததும் விவிபாட் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு ஏழு சீட்டு அடித்துத் தள்ளும். அவற்றில் வேட்பாளர் பெயரோ சின்னமோ இருக்காது. தனியாக எடுத்து வைத்துக் காட்டினால் பிரச்சினை முடிந்தது. ஆன் செய்யும் முன்பே இதை ஏஜென்ட்களிடம் சொல்லிவிட்டால் பிரச்சினையே வராது. பயிற்சியில் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

அடுத்து கிளியர். நாள் முழுக்க நீங்கள் அழுத்தும் பட்டன்களில் இதுதான் முக்கியமானது. க்ளோஸ், ரிசல்ட், கிளியர் என்ற வரிசையில்தான் மெஷின் கேட்கும். இதை மறந்தால் மாக் போல் ஓட்டெல்லாம் உண்மை ஓட்டோடு கலந்துவிடும், எண்ணும் நாளில் உங்கள் மெஷினைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டிவரும். கிளியர் அழுத்தியபின் டோட்டல் அழுத்தி, பூஜ்ஜியத்தை எல்லா ஏஜென்ட்டுக்கும் காட்டுங்கள். விவிபாட் பெட்டி காலியாக இருப்பதையும் காட்டுங்கள். மாக் போல் சீட்டுகளின் பின்பக்கம் முத்திரை குத்தி, கறுப்புக் கவரில் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து பிங்க் பேப்பர் சீல்.

கன்ட்ரோல் யூனிட்டுக்குச் சீல் வைப்பதில் பச்சைப் பேப்பர் சீலுக்கு மட்டும் நிதானம் வேண்டும். வெள்ளைப் பக்கத்தில் நீங்களும் ஏஜென்ட்களும் கையெழுத்திட வேண்டும், மாட்டியபின் சீரியல் எண் வெளியே தெரிய வேண்டும். எண்ணை ஏஜென்ட்களும் குறித்துக்கொள்ளட்டும். ஸ்பெஷல் டேக், ஸ்ட்ரிப் சீல் எல்லாம் பயிற்சியில் காட்டியபடியே.

ஓட்டுப்பதிவு நேரம்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை கேட்பார்கள். நீங்கள் மணிக்கு ஒருமுறையே 17ஏ பதிவேட்டின் (வாக்காளர்கள் கையெழுத்திடுவது) கடைசி எண்ணையும் மெஷினின் டோட்டலையும் ஒப்பிட்டுவிடுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு மறைப்புக்குப் போகக் காத்திருப்பவர்கள் எத்தனை பேரோ, அவ்வளவு வித்தியாசம்தான் இருக்கலாம். சாயந்திரம் 600 பேருக்கு அப்புறம் ஒன்று இடிக்கிறது என்றால் எங்கே போய்த் தேடுவது?

நடுவில் மெஷின் நின்றால்: விவிபாட் மட்டும் பழுதென்றால் அதை மட்டும் மாற்றலாம். கன்ட்ரோல் யூனிட்டோ பேலட் யூனிட்டோ போனால் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புது செட்டில் பட்டனுக்கு ஒரு ஓட்டு வீதம் மறுபடி மாக் போல் உண்டு, அதற்கும் கிளியர் உண்டு.

ஆறு மணிக்கு வரிசை இருந்தால் டோக்கனைக் கடைசி ஆளிடமிருந்து முன்னோக்கிக் கொடுத்து வாருங்கள். முன்னாலிருந்து கொடுத்தால் பின்னால் ஆள் சேர்ந்துகொண்டே இருக்கும்.

17சி

இது பதிவான ஓட்டுகளின் கணக்குப் படிவம். 17ஏ மொத்தத்தில் ஓட்டுப்போட மறுத்தவர்களையும் அனுமதிக்கப்படாதவர்களையும் கழித்தால் மெஷின் எண்ணிக்கை வர வேண்டும். விவிபாட் சீட்டு தவறாக வந்தது என்று புகார் சொல்லி யாராவது சோதனை ஓட்டு போட்டிருந்தால் அதற்கென்று இருக்கும் பத்தியில் எழுத மறக்காதீர்கள். நகல் ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். விவிபாட் பேட்டரியைக் கழற்றி, எல்லாவற்றையும் பெட்டியில் வைத்து சீல் வைத்தால் ஜோனல் பார்ட்டிக்காகக் காத்திருப்பதுதான் பாக்கி. ராத்திரி வெகுநேரம் ஆகலாம், பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைத்த ரசீது இல்லாமல் நகராதீர்கள்.

பின்னூட்டத்துக்குப் பிறகு சேர்த்தது

டூட்டிக்குப் போகிறவர்களின் சொந்த ஓட்டு என்னாகும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். டூட்டியும் ஓட்டும் ஒரே மக்களவைத் தொகுதி என்றால் படிவம் 12ஏ கொடுத்து இ.டி.சி. (தேர்தல் பணிச் சான்றிதழ்) வாங்கி டூட்டி பூத்திலேயே போடலாம். வேறு தொகுதி என்றால் படிவம் 12, தபால் ஓட்டு.

இன்னொரு டீச்சர் கேட்டது நல்ல கேள்வி: பி3 பேலட் பட்டனை அழுத்தியபின் வாக்காளர் ஓட்டுப்போடாமல் போய்விட்டால்? அடுத்தவரை உள்ளே அனுப்புங்கள், அந்தத் திறப்பிலேயே அவர் போடுவார். மறுத்தவர் பெயருக்கு எதிரே 17ஏ-யில் குறிப்பு எழுதிவிடுங்கள். ஆனால் போனவர் கடைசி வாக்காளர் என்றால் சிவப்பு பிஸி விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், க்ளோஸ் வேலை செய்யாது. பதற வேண்டாம். கன்ட்ரோல் யூனிட்டை ஆஃப் செய்து, விவிபாட் வயரைக் கழற்றி, மறுபடி ஆன் செய்யுங்கள். விளக்கு அணைந்திருக்கும், க்ளோஸ் அழுத்தலாம்.