தைப்பூசப் படத்தைப் பரிசுக்கு அனுப்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசம் முடிந்த கையோடு, மலேசியாவின் பத்துமலையிலும் பினாங்குத் தண்ணீர்மலையிலும் எடுத்த படங்களைப் போட்டிக்கு அனுப்பலாமா என்று புதியவர்கள் கேட்கத் தொடங்குவார்கள். ஃபோகஸ் தவறியது, படம் சாய்ந்தது, பேட்டரி தீர்ந்தது எல்லாம் இரண்டு திருவிழாவில் தானாகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிச் சரியாவதில்லை. நாளிதழில் அவற்றோடேயே படம் வெளிவந்துவிடும். நடுவர் மேசைக்குப் போகும்போதுதான் மாட்டிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்து எழுதும் படக்குறிப்பு

"பத்துமலையில் காவடி ஏந்தி நேர்த்திக்கடன் செலுத்தும் பக்தர்." அந்த 272 படிகளில் ஏறுகிற யாருடைய படத்துக்கும், எந்த ஆண்டின் படத்துக்கும் இந்த வரியைப் போடலாம். நல்ல படத்தின் கீழே இதைப் பார்க்கும்போதுதான் உண்மையாகவே எரிச்சல் வருகிறது. ஆறு மணி நேரம் வெயிலில் நின்றவர், காவடி எடுத்தவரின் பெயரைக் கேட்க ஒரு நிமிடம் செலவிடவில்லை.

பெயர் இல்லாதது பாதித் தவறுதான். அந்த வெற்றிடத்தை ஊகத்தால் நிரப்புவது முழுத் தவறு. "குழந்தை வரம் கிடைத்ததற்காக" என்று எழுதுகிறார்கள். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "இருபது லட்சம் பக்தர்கள் திரண்டனர்" என்று எழுதுகிறார்கள். யார் எண்ணியது என்பது இருக்காது. போலீஸோ கோவில் நிர்வாகமோ சொன்ன கணக்கு என்றால், அவர்கள் சொன்னதாகவே எழுத வேண்டும்.

இதன் விலை என்ன என்பதற்கு 2015 உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியைப் பாருங்கள். பெல்ஜியத்தின் சார்லெருவா நகரத்தைப் பற்றிய பத்துப் படத் தொகுப்பு ஒன்றுக்கு முதல் பரிசு கிடைத்தது. அதில் ஒரு படம் சார்லெருவாவில் எடுத்ததே இல்லை, பிரஸ்ஸல்ஸின் மொலன்பேக் பகுதியில் எடுத்தது என்று பிறகு தெரியவந்தது. பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். படத்துக்குள் யாரும் எதையும் வெட்டி ஒட்டவில்லை. குறிப்பில் ஊர்ப் பெயர் பொய், அவ்வளவே.

செய்ய வேண்டியது இது. முதல் நாள் இரவே கேமராவின் கடிகாரத்தைக் கைப்பேசி நேரத்தோடு ஒத்துப்போக வையுங்கள். இரண்டு கேமரா வைத்திருந்தால் இரண்டையும். அருள் வந்து ஆடுகிறவரிடம் பேசவே முடியாது, முயலவும் கூடாது. கூடவே பால்குடத்தோடு வரும் அக்காவையோ, தண்ணீர்ப் பாட்டில் பிடித்திருக்கும் தம்பியையோ கேளுங்கள்: "அண்ணன் பேரு என்னங்க, ஐசியில எப்படி எழுதியிருக்கு?" ஐசி, அதாவது அடையாள அட்டை, என்று சொல்லியே கேளுங்கள். கணேசன் என்ற ஒரு பெயரையே நம் ஆட்கள் ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதுகிறார்கள். அவர்களையே குறிப்பேட்டில் எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தை உடனே ஒரு படம் எடுத்துவிடுங்கள். அது காவடிப் படத்துக்கு அடுத்த கோப்பாக நிற்கும், யாருடைய பெயர் எது என்று பின்னால் குழம்பாது. வயது, ஊர், எத்தனையாவது ஆண்டு, எதற்காக நேர்ந்துகொண்டார் என்பதையும் கேளுங்கள். சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். குழந்தையின் படமென்றால் பெற்றோரிடம் பேசாமல் பெயர் போடாதீர்கள்.

படுக்கப் போவதற்கு முன் குறிப்பைக் கோப்பின் ஐபிடிசி விவரங்களிலேயே (படக் கோப்புக்குள்ளேயே எழுத்து விவரங்களைச் சேர்த்து வைக்கும் இடம்) ஏற்றிவிடுங்கள். தனி வேர்டு கோப்பில் வைத்தால் தொலையும். முதல் வாக்கியத்தில் யார், என்ன செய்கிறார், எங்கே, எந்தத் தேதி. இரண்டாவதில் படத்தில் தெரியாத, ஆனால் கேட்டறிந்த ஒரு தகவல். மூன்றாவது வாக்கியம் பெரும்பாலும் தேவைப்படாது.

"இன்னொரு தடவை உடைங்கண்ணே"

தேங்காய் உடைப்பவரிடம் இப்படிக் கேட்காதீர்கள். பினாங்கில் ரதம் வரும் பாதையில் தேங்காய் குவிந்து கிடக்கும். ஷட்டரை 1/2000 நொடியில் வைத்து அடுத்த காய்க்குக் காத்திருங்கள்.

வெளுத்த முகம், கறுத்த வானம்

2015-ல் அதே உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் கடைசிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் 20 விழுக்காடு, கோப்பில் கை வைத்ததற்காக நீக்கப்பட்டன. பெரும்பாலும் சின்னச் சின்ன அழிப்புகள்தான். 2010-ல் பரிசு பெற்ற ஒரு படத்தில் ஓரமாகத் தெரிந்த ஒரு பாதத்தின் நுனியை அழித்ததற்காகப் பரிசே போனது. சென்சார் தூசியை நீக்கலாம். ஓரத்தை வெட்டிச் சிறிதாக்கலாம். நீட்டிய கையை, குப்பைப் பையை, மின்கம்பியை எடுக்கக் கூடாது. எடுக்கும்போதே ஓரடி நகர்ந்திருக்க வேண்டும்.

நம்மிடம் தனியாக ஒரு பழக்கம் இருக்கிறது: முகத்தை வெளுப்பாக்குவது. கல்யாண ஆல்பத்தில் இருந்து வந்த கை அது. வெயிலில் நின்ற கருத்த முதுகில் வேர்வையும் திருநீறும்தான் படமே. நிழலைத் தூக்கி வெளுக்க வைத்தால் தோல் களிமண் போல ஆகிவிடும், திருநீறும் தோலோடு கலந்துவிடும். வெளிச்சத்தைக் கேமராவிலேயே முடிவு செய்யுங்கள்: திருநீறு வெறும் வெள்ளையாக வெளுத்துப் போகாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள். குகைக்குள் நுழைந்ததும் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) துணிந்து ஏற்றுங்கள். அதனால் வரும் குருணைப் புள்ளிகளைப் பார்த்து எந்த நடுவரும் படத்தைத் தள்ளுவதில்லை.

பத்தும் ஒரே படம்

தொடர் படப் பிரிவில் அலகு குத்தும் முகத்தையே பத்துத் தடவை அனுப்புகிறார்கள். ஒன்று போதும். முதல் நாள் மொட்டையடித்த தலை, ஆற்றங்கரை, உறுமிக்காரரின் கை, குத்திய அலகைக் கழற்றியபின் உட்கார்ந்திருக்கும் ஆள், மறுநாள் காலை தெருவைக் கூட்டுகிறவர்: இவை இருந்தால்தான் அது தொடர்.

வீடியோவில் காது

தானியங்கி ஒலி அளவை அணைத்துவிடுங்கள். உறுமி அடிக்கும்போது அது ஒலியை அமுக்கும், நின்ற நொடியில் இரைச்சலை மேலே தூக்கும். அளவைக் கையாலேயே வைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கும்படி பாருங்கள். ஒவ்வொரு காட்சியையும் கேமராவை ஆட்டாமல் பத்து நொடியாவது பிடியுங்கள். இடத்தை விட்டுக் கிளம்பும் முன் அரை நிமிடம் வெறும் சூழல் ஒலியைப் பதிவு செய்யுங்கள். வேறு இடத்து "வேல் வேல்" முழக்கத்தை இந்தக் காட்சிக்கு அடியில் ஒட்டுவதும் பாதத்தை அழித்ததற்குச் சமம்தான்.

மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. 1/60-ல் வைத்தால் கடைத்தெரு விளக்குகள் பட்டை பட்டையாக ஓடும். ரதத்தின் எல்இடி அலங்காரம் சில நேரம் 1/50-லும் துடிக்கும், அதனால் ரதம் கிளம்பும் முன்பே பத்து நொடி எடுத்துத் திரையில் பாருங்கள்.

அழித்த கோப்பு

கேமராவிலேயே "சரியில்லாத" படங்களை அழிக்காதீர்கள். இறுதிச் சுற்றில் ரா கோப்பை (கேமரா பதிவு செய்த, திருத்தாத மூலக் கோப்பு) கேட்பார்கள். ஜேபெக்கில் மட்டும் எடுத்திருந்தால், முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் கேட்பார்கள். கார்டைத் திரும்பத் துடைக்கும் முன் இரண்டு தனி வட்டுகளில் நகல் இருக்க வேண்டும். போட்டி முடிவு வரும்வரை ஒன்றைத் தொடவே கூடாது.