கேஸ் போடுறதுக்கு முன்னாடி வக்கீலும் களத்துல இருக்கறவங்களும் பேசிக்க வேண்டியது

பெண்கள் மேல நடக்குற வன்முறைக்கு எதிரா ஒரு கேஸ் மூலமா சட்டத்தையே மாத்தணும்னு இறங்குறீங்கன்னா, மொதல்ல பாதிக்கப்பட்டவங்ககிட்ட உக்காந்து பேசுங்க, இது வருஷக்கணக்கா இழுக்கும், தோத்தும் போகலாம், எப்ப வேணா நிறுத்திக்கலாம்னு ஒளிக்காம சொல்லுங்க. அவங்க வேண்டாம்னா விட்டுடணும், எவ்ளோ வலுவான கேஸா இருந்தாலும் சரி.

அப்புறம் வேலைய பிரிச்சுக்கங்க. மனு, வாதம் எல்லாம் வக்கீல் பாத்துப்பாங்க. எந்த தேதியில புகார் குடுக்கப் போனாங்க, ஸ்டேஷன்ல என்ன சொல்லி திருப்பி அனுப்புனாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வைக்கறது ஆக்டிவிஸ்டுங்க வேலை, அதே மாதிரி பத்து பேரோட கதை சேர்ந்தாதான் இது வீட்டுச் சண்டை இல்ல, அரசோட தவறுன்னு கோர்ட்ல காட்ட முடியும்.

பிரேசில்ல, புருஷன் கொல்லப் பார்த்தும் வருஷக்கணக்கா கோர்ட்ல நியாயம் கிடைக்காத மரியா டா பென்ஹா, ரெண்டு அமைப்புங்களோட சேர்ந்து 1998ல அமெரிக்க நாடுகளோட மனித உரிமை ஆணையத்துக்குப் போனாங்க, 2001ல அரசு மேலதான் தப்புன்னு வந்துச்சு, ஆனா வீட்டு வன்முறைக்கு எதிரா அவங்க பேர்ல சட்டம் வந்தது 2006லதான். நடுவுல இருந்த அந்த அஞ்சு வருஷம் பெண்கள் அமைப்புங்க விடாம அழுத்தம் குடுத்தாங்க. அதனால தீர்ப்புக்கு அப்புறம் யார் என்ன செய்யணும்ங்கறத மனு எழுதும்போதே முடிவு பண்ணிடுங்க.

மீடியாகிட்ட பேசறது ஒரே ஆளா இருக்கட்டும், அதுவும் வக்கீல்கிட்ட கேட்டுட்டு.