கவாத்துக் கத்திக்கு ஒரு தோல் உறை

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் என் அண்ணனின் கவாத்துக் கத்தி, அதாவது செடியின் கிளை கழிக்கும் கத்தி, சுற்றியிருந்த சாக்கைக் கிழித்து அவர் தொடையைக் கீறிவிட்டது. அன்றே உறை தைக்க உட்கார்ந்தேன்.

தோல் 3 மில்லிமீட்டர் கனத்தில், ஆவாரம் பட்டையில் பதனிட்டதாக இருக்கட்டும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் வேண்டாம். நனைத்து அழுத்தினாலும் வடிவம் நிற்காது.

கத்தியை அட்டையில் வைத்து வரைந்து, இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். கூர் வரும் பக்கத்தில் இரண்டுக்கும் நடுவே விரல் அகலத் தோல் பட்டை ஒன்றை ஒட்டுங்கள். இதை விட்டால் கத்தி முதலில் அறுப்பது உங்கள் தையலைத்தான்.

ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே கோடு கிழித்து, அதே இடைவெளியில் குத்தூசியால் துளையிடுங்கள். நூல், தையல் நீளத்தைப்போல் ஐந்து மடங்கு வேண்டும். தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்து, இரு முனையிலும் ஊசி கோர்த்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக நுழையுங்கள். இரண்டாவது ஊசி நுழையும்போது முதல் நூலை ஓரமாக இழுத்துப் பிடியுங்கள். அதைக் குத்திவிட்டால் தையல் இறுகாது. ஓரிழை அறுந்தாலும் மற்றது தாங்கும் என்பதால்தான் எனக்கு இந்தத் தையலின் மேல் இவ்வளவு பிரியம்.

பிறகு உறையை நனைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றிய கத்தியைச் செருகி, விரலால் அழுத்தி வடிவம் கொடுங்கள். நிழலில் உலர்த்துங்கள். முதல் உறையைச் சேலத்து மொட்டைமாடி வெயிலில் வைத்தேன், கருவாடாய் விறைத்துப்போனது.

ஈரக் கத்தியை மட்டும் உறையில் போடாதீர்கள்.